பூட்டி பட்ட பசி என் பிள்ளையின் ரத்தத்தில் இருக்குமா?

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 31. தலைப்பிரசவம், 22-ஆவது வாரம். கணவருக்குப் பிறை நகரில் தொழிற்சாலை வேலை. அரசாங்க கிளினிக்கில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த சோதனையில் கர்ப்பகால இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று சொல்லிவிட்டார்கள். பாட்டி இனிப்பு நீரால் ஒரு காலை இழந்தவர். அம்மாவுக்கு 42 வயதிலேயே வந்துவிட்டது. பாட்டி பிறந்தது 1944 தொடக்கத்தில், கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவர் வயிற்றில் இருந்தபோதே பூட்டனைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பூட்டி மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளையைப் பெற்றிருக்கிறார். அப்பாவோ சம்சு என்ற மலிவுச் சாராயத்திலேயே தன்னை அழித்துக்கொண்டவர். தம்பியும் இப்போது அதே பாதையில் போகிறார். “உங்க குடும்ப ரத்தமே சரியில்ல” என்று மாமியார் சொல்லிவிட்டார். முன்னோர் பட்ட துன்பம் ஏழு தலைமுறைக்கு மரபணுவில் பதிந்திருக்கும் என்று கைப்பேசியில் படித்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் எச்சிலை எடுத்துப் பார்க்கும் ‘எபிஜெனெட்டிக்ஸ்’ சோதனையையும், அதோடு சேர்ந்த மாத்திரைப் பொட்டலத்தையும் 2,600 வெள்ளிக்கு விற்க வந்திருக்கிறார். கிளினிக்கில் இன்சுலின் போடச் சொன்னதற்கு, பிள்ளையின் மரபணு மாறிவிடுமோ என்று பயந்து மறுத்திருக்கிறார். கடைசியாக ஒரு வரி: “இந்தப் பிள்ளையை நான் சுமந்திருக்கவே கூடாதோ டாக்டர்?”

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். தாராளமாகச் சுமக்கலாம். உங்கள் கடிதத்தில் உள்ள எதுவும் நீங்கள் தாயாகக் கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது. பினாங்கிலும் கெடாவிலும் என்னைப் பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களில், இதில் பாதியாவது இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததே அரிது. இதைக் கொஞ்சம் மூச்சு விட்டுப் படித்துவிட்டு, மற்றதற்கு வாருங்கள்.

புள்ளி வைத்த எழுத்து

நீங்கள் படித்த செய்தி முழுப் பொய்யல்ல. உண்மையில் ஒரு பிடி எடுத்து, அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அதனால் உண்மை எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம்.

உங்கள் உடம்பில் கண் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் ஒரே மரபணுத் தொகுப்புதான். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஆனாலும் கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எங்கே வேலை செய்ய வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்ற ஒழுங்குதான். அந்த ஒழுங்கைக் காக்கும் வேதிக் குறிகளில் முக்கியமானது மெத்தில் குறி. நம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘க’வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’ ஆகிவிடுகிறது. எழுத்து அதேதான், ஒலி அடங்கிவிடுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறி ஏறுவதும் பெரும்பாலும் அப்படித்தான்: எழுத்தைத் தொடாமல், அதன் குரலை அடக்குகிறது. இதைப் படிக்கும் துறைதான் எபிஜெனெட்டிக்ஸ். தமிழில் மேல்மரபியல் என்பார்கள். வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இந்தச் சொல்லை உருவாக்கியது 1942-இல். மலாயாவில் ஜப்பான் ஆட்சி தொடங்கிய அதே காலம்.

இந்தப் புள்ளிகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதே இல்லையா என்றால், சில இடங்களில் வருகின்றன. 15-ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி இருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் அது இல்லாமல் போனால் பிள்ளைக்குத் தீராப் பசி தரும் பிராடர்-வில்லி நோய் வரும். அதே பகுதி அம்மாவின் பிரதியில் இல்லாமல் போனால் முற்றிலும் வேறான ஏஞ்சல்மன் நோய் வரும். எழுத்து ஒன்று, புள்ளி வைத்தது அப்பாவா அம்மாவா என்பதில்தான் வித்தியாசம். இவை அபூர்வ நோய்கள். உங்கள் குடும்பத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ‘மரபணு மட்டும் போதாது, குறியும் முக்கியம்’ என்பதற்கு மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை என்பதால் சொன்னேன்.

ஆனால் பெரும்பாலான புள்ளிகள் அப்படி நிலைப்பதில்லை. கரு உருவானதும் ஒருமுறை, பிறகு அந்தக் கருவுக்குள் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் செல்களில் இன்னொரு முறை, ஆக இரண்டு தடவை அவை பெருமளவில் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. ஏழு தலைமுறை என்று சொல்பவர்கள் இந்த அழிப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்தப் பசி யார் யாரைத் தொட்டது?

இங்கே கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்ப்போம். 1943-இல் பட்டினி கிடந்தது பூட்டியின் உடல். அவர் வயிற்றில் உங்கள் பாட்டி. பெண் சிசு பிறப்பதற்கு முன்பே அதன் சினைப்பையில் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் உருவாகிவிடும். அப்படியென்றால் பிற்காலத்தில் உங்கள் அம்மாவாக மாறிய அந்த முட்டையும் அதே வயிற்றில், அதே பசியில் இருந்தது. ஆக மூன்று பேர். அந்தப் பசி நேரடியாகத் தொடாத முதல் ஆள் நீங்கள். உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளை அதற்கும் ஒரு படி அப்பால் இருக்கிறது.

வயிற்றில் இருந்தபோது பட்ட பசி பாட்டியைப் பாதித்திருக்குமா? பாதித்திருக்க நியாயம் உண்டு. அதே காலத்தில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்திலும் ஜெர்மானியர் உணவை முடக்கிப் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் இருந்தவர்கள் முதிர்ந்த வயதில் சர்க்கரையைச் சமாளிப்பதில் பின்தங்கியிருந்தார்கள். பஞ்சத்தின்போது கருத்தரித்தவர்களுக்கு, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்-2 என்ற மரபணுவில் மெத்தில் குறி அவர்களின் சொந்த உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தது என்று ஆறு பத்தாண்டுகள் கழித்து, 2008-இல், காட்டினார்கள். வித்தியாசம் சிறியதுதான். அந்தக் குறிதான் நோயைக் கொண்டுவந்தது என்றும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வயிற்றில் பட்ட பசி அறுபது வருடம் கழித்தும் ஒரு தடத்தைக் காட்டுகிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. உங்கள் பாட்டியின் கால் போனதற்குப் பின்னால் சயாம் ரயிலின் நிழல் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன்.

அதற்கு மேல், தொடப்படாத தலைமுறைக்கும் அந்தக் குறி இறங்கி வருகிறது என்பதற்கு, எலிகளிலும் செடிகளிலும் உள்ளதுபோல் மனிதரில் உறுதியான சான்று இல்லை.

பிறகு எப்படிப் பாட்டிக்கு, அம்மாவுக்கு, உங்களுக்கு என்று வரிசையாக வந்தது? மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சாதாரண மரபணு. இனிப்பு நீருக்கு ஒரே ஒரு மரபணு கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. இரண்டாவது, கருப்பை, அதற்கு வருகிறேன். மூன்றாவது, அடுப்படி. இதை யாரும் சொல்வதில்லை.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பாட்டி, பேரன் தட்டில் நாலு பருக்கை மிச்சம் வைத்தால் தானே வழித்து அவன் வாயில் வைத்துவிடுவார். தேத்தண்ணியில் டின்பாலை இரண்டு கரண்டி போட்டு, யோசித்து, மூன்றாவதும் போடுவார். “நாங்க பட்ட பசி புள்ளைங்க படக்கூடாது தம்பி” என்பார். அந்த அம்மாவின் பசி பேரனிடம் வந்து சேர்ந்தது அந்தக் கரண்டி வழியாக. அன்பாகத்தான் வந்தது. தோட்டத்தில் பால் வெட்டி உழைத்தபோது எரிந்த சோறு, தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தபிறகு எரியவில்லை. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இத்தனை பேருக்கு ‘கெட்ட ரத்தம்’ என்று சொல்ல முடியுமா? உங்கள் மாமனாரும் இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே. பிள்ளையின் மரபணுவில் பாதி அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான்.

இன்சுலினை மறுக்காதீர்கள்

கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இதுதான். பூட்டியின் பசியைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள், உங்கள் சர்க்கரை அளவைப் பற்றி மூன்றே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். காலையில் வெறும் வயிற்றில் 5.8, 6.0, 5.9 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). பசியாறி ஒரு மணி நேரம் கழித்து 9.1. நமக்கு வேண்டியது வெறும் வயிற்றில் 5.3-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குள். உணவைக் கட்டுப்படுத்தி இரண்டு வாரம் ஆகியும் இறங்கவில்லை என்பதால்தான் கிளினிக்கில் இன்சுலின் பேச்சை எடுத்திருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். உங்கள் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். உங்கள் இன்சுலின் போகாது. அதிகச் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால் பிள்ளையின் கணையம் தானே கூடுதல் இன்சுலினைச் சுரக்கும், பிள்ளை கொழுத்து வளரும், பிரசவம் கடினமாகும், பிறந்ததும் அதன் சர்க்கரை திடீரென்று இறங்கும். ஊசியில் போடும் இன்சுலின் பிள்ளையிடம் போய்ச் சேராது. எனவே அது பிள்ளையின் மரபணுவை மாற்றும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. பிள்ளையிடம் போய்ச் சேருவது, நீங்கள் ஊசி போடாததால் மிஞ்சும் சர்க்கரை.

கருப்பை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் பீமா பூர்வகுடி மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்றை என்னால் மறக்க முடியாது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் வருவதற்கு முன் பிறந்தவர்களைவிட, வந்தபின் பிறந்தவர்களுக்கு நோய் பல மடங்கு அதிகமாக வந்தது. அப்பாவுக்கு நோய் வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் அப்படி வித்தியாசம் இல்லை. அதே குடும்பம், அதே ரத்தம். வயிற்றில் இருந்த அந்த ஒன்பது மாதம் மட்டும் வேறு. இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். உங்களால் எதையாவது மாற்ற முடியும் என்றால் அது இங்கேதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கர்ப்பகால இனிப்பு நீருக்கு முறையாகச் சிகிச்சை கொடுத்தபோது, பிள்ளைக்கு வரும் கடுமையான சிக்கல்கள் நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தன. பிரிட்டனில் போருக்குப் பின் சர்க்கரைக்கு இருந்த பங்கீடு 1953-இல் நீங்கியது. அதற்கு முன் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இனிப்பு நீர் மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது என்று 2024-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

‘என் தப்பால் வந்தது’ என்று மட்டும் நினைக்காதீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இன்சுலினுக்குத் தடை போடும். அதைச் சமாளிக்கக் கையிருப்பு குறைவாக உள்ளவர்களுக்கு அளவு ஏறிவிடுகிறது. அவ்வளவுதான்.

அப்பாவின் குடி, உங்கள் படபடப்பு

குடிப்பழக்கத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. இரட்டையரிடமும் தத்துப் பிள்ளைகளிடமும் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுவைக் காரணம் காட்டுகின்றன. மீதிப் பாதி வீடு, நண்பர்கள், வேலை, கையில் காசு இல்லாத கவலை, மலிவாகக் கிடைக்கும் சம்சு. அதே அப்பாவின் பிள்ளைதான் நீங்களும். ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை பின்னால் குடிக்குமா இல்லையா என்பதில் அது வளரும் வீட்டுக்கு நிறையப் பங்கு உண்டு. தம்பிக்கு இப்போதே உதவி தேடலாம். அரசாங்க மருத்துவமனை மனநலப் பிரிவில் குடிக்குச் சிகிச்சை உண்டு. பேசத் தயங்கினால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-இல் தொடங்கட்டும்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். இரவில் வாசலில் மோட்டார் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் இன்றும் கை நடுங்குகிறது, இது பூட்டியிடமிருந்து வந்த பயமா என்று. சகோதரி, அப்பா குடித்துவிட்டு வந்த அந்த மோட்டார் சத்தத்தைப் பத்து வயதில் போர்வைக்குள் படுத்துக் கேட்டது நீங்கள்தான். அதற்குப் பூட்டி வரை போக வேண்டியதில்லை. உங்களுக்கே நடந்த ஒன்றை மூதாதையர் கணக்கில் எழுதிவிட்டால், அதற்கு யாரும் மருந்து போட மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் இந்தப் படபடப்பைப் பற்றிக் கிளினிக் நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆலோசகரிடம் அனுப்புவார்கள். எலிகளில் ஒரு நல்ல செய்தி உண்டு. குட்டியை நிறைய நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளர்ந்த எலி, மன அழுத்தத்தைத் தாங்கக் கற்கிறது. அதன் மூளையில் அதற்கான மரபணுவின் குறிகளும் மாறியிருக்கின்றன. அக்கறையில்லாத தாய் பெற்ற குட்டியை அக்கறையுள்ள தாயிடம் வளரவிட்டால், வளர்த்தவளைப் போலவே ஆகிறது. மனிதரை எலியோடு ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்கக் கூடாதுதான். இருந்தாலும் ‘பயந்த வீட்டில் வளர்ந்தவள் பயந்த பிள்ளையைத்தான் வளர்ப்பாள்’ என்ற விதி எலிகளிடமே செல்லவில்லை.

அந்த எச்சில் சோதனை

வாங்காதீர்கள். மெத்தில் குறிகள் செல்லுக்குச் செல் வேறுபடும். உங்கள் எச்சிலில் உள்ள செல்களைப் பார்த்து வயிற்றில் உள்ள பிள்ளையின் கணையத்தைப் பற்றியோ மூளையைப் பற்றியோ சொல்ல முடியாது. முன்னோரின் துயரத்தைப் படிக்கும் சோதனை உலகில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. குறிகளைப் பார்க்கும் உண்மையான சோதனைகள் உண்டு. நான் மேலே சொன்ன 15-ஆவது குரோமோசோம் நோய்கள், சில புற்றுநோய்கள் போன்றவற்றுக்கு, நிபுணர் எழுதிக் கொடுத்துச் செய்வார்கள். அந்த மாத்திரைப் பொட்டலமும் வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த ஃபோலிக் அமிலமும் இரும்புச் சத்தும் போதும். கூடுதல் மெத்தில் சத்து கொடுத்து எலியின் மயிர் நிறம் மாறியதைக் காட்டி விற்கிறார்கள். கர்ப்பிணி தன் இஷ்டத்துக்கு அளவைக் கூட்டக் கூடாது. 2,600 வெள்ளிக்குச் சர்க்கரை பார்க்கும் கருவியும் அதற்கான பட்டைகளும் பிரசவம் வரைக்கும் வாங்கி, இன்னும் மிஞ்சும்.

கணவர்

கடிதம் முழுக்க உங்கள் ரத்தம், உங்கள் குடும்பம் என்றே இருக்கிறது. கணவர் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கிறார் என்பது ஒரே ஒரு இடத்தில், அதுவும் போகிறபோக்கில் வருகிறது. மனிதரில் மிகத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட எபிஜெனெட்டிக் தடம் புகையிலையினுடையதுதான். புகைப்பவரின் ரத்தத்திலும், புகைத்த தாய்க்குப் பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே குறி மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். புகையை விட்டவர்களுக்கு அது பெரும்பாலும் வருடக்கணக்கில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நீங்கள் சிகரெட் தொடாதவர். ஆனால் அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பதும் கர்ப்பிணிக்கும் கருவுக்கும் கெடுதிதான். அவர் விட வேண்டும், குறைந்தது வீட்டுக்குள்ளாவது வேண்டாம். அரசாங்க கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். கணவரை முன்னிறுத்தி ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். காலையில் ரொட்டி சானாய்க்கும் இனிப்பான தே தாரிக் டீக்கும் பதில் இரண்டு முட்டையும் ஒரே ஒரு தோசையும், சட்னிக்குப் பதில் நிறையச் சாம்பார்க் காய். மதியம் சோற்றைக் கைப்பிடி அளவாக்கி, மீனையும் கீரையையும் முதலில் சாப்பிடுங்கள். மாத்திரை சாப்பிடும் மாமனாருக்கும் இதே சாப்பாடுதான் நல்லது என்று சொன்னால் மாமியார் மறுக்கமாட்டார்.

பிள்ளை பிறந்து ஆறாவது வாரத்தில் அதே சர்க்கரைத் தண்ணீர் சோதனையை மறுபடி எடுக்க வேண்டும். நம் பெண்கள் தவறவிடுவது இதைத்தான். பிள்ளை வந்த சந்தோஷத்தில் அம்மாவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கர்ப்பகால இனிப்பு நீர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. ஆகவே அதற்குப் பிறகும் வருடம் ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பது அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

பெண் பிள்ளையாக இருந்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். 22-ஆவது வாரத்தில் அந்தச் சின்னச் சினைப்பையில் பல லட்சம் முட்டைகள் உருவாகியிருக்கும். உங்கள் பேரப்பிள்ளையாக மாறப்போகும் முட்டையும் அதில் ஒன்றாக இருக்கலாம். வரும் செவ்வாய்க்கிழமை கிளினிக் என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பப் பரிசோதனைகளைப் பதியும் பிங்க் புத்தகத்தோடு அந்த மூன்று வரி அளவுகளையும் எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஊசி எப்படிப் போடுவது என்று நர்ஸ் காட்டும்போது அவரும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.